ஒரு தொடைத்தசையின் விலை

2008 பெப்ரவரியில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் லசித் மாலிங்கவை மூன்றரை இலட்சம் டொலருக்கு எடுத்தது. அந்த ஆண்டு அவர் மும்பைக்காக ஒரு பந்துகூட வீசவில்லை. முழங்கால் விடவில்லை. அதே முழங்காலைக் காரணம் காட்டி 2011இல் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கும் விடைகொடுத்தார். ஆனால் மும்பைக்காக மட்டும் 122 ஆட்டங்களில் 170 விக்கெட் எடுத்தார். 2019 மே மாதம் ஹைதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி ஓவரில் ஒன்பது ஓட்டங்களைக் காத்து, கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூரை வீழ்த்தினார். சென்னை ரசிகர்களிடம் அந்தப் பந்தைப் பற்றிப் பேசினால் இன்றும் முகம் மாறும்.

இனி 2022 பெப்ரவரி. சென்னை சூப்பர் கிங்ஸ் தீபக் சஹரை 14 கோடிக்கு எடுத்தது. ஏலம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், கொல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குத் தொடைத்தசை கிழிந்தது. அதிலிருந்து தேறிவரும்போது முதுகு பிடித்துக்கொண்டது. சீசன் முழுவதும் போயிற்று. பத்து அணிகளில் சென்னை ஒன்பதாவதாக முடிந்தது.

இரண்டு கதையிலும் கழகம் செய்தது ஒரே காரியம்தான்: வேகப்பந்து வீச்சாளர் ஒருவரின் உடம்பை நம்பிப் பணம் வைத்தது. இரண்டிலும் முதல் சீசன் பாழ். ஒன்றைத் தீர்க்கதரிசனம் என்கிறோம், மற்றதைக் கையைச் சுட்டுக்கொண்ட கதை என்கிறோம். முடிவு தெரிந்த பிறகு அப்படிப் பிரித்துச் சொல்வதில் பெரிய கெட்டித்தனம் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அன்று, முடிவு தெரியாத அந்த நேரத்தில், எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. கோடிகளில் ஏலம் கேட்கும் முதலாளிக்கும், கற்பனை அணி கட்டி விளையாடும் நம்மைப் போன்றவர்களுக்கும் இந்தக் கேள்வி பொது.

கேள்வியை ஆற அமர அலசியவர்கள் அமெரிக்கர்கள். 1962இல் ஓக்லண்ட் நகரத்து பில் விங்கன்பாக் என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து தொடங்கிவைத்ததுதான் கற்பனை அணி விளையாட்டு. அமெரிக்கக் கால்பந்தின் உண்மையான வீரர்களை நண்பர்கள் முறை வைத்துத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். வாராவாரம் அந்த வீரர்கள் களத்தில் செய்வதற்கு ஏற்பப் புள்ளி சேரும். இதில் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பவர் ‘ரிசீவர்’. எறியப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவர் வேலை. முழு வேகத்தில் ஓடுவார், சட்டென்று திசை மாறுவார், எகிறிப் பிடிப்பார், பிடித்த கணத்திலேயே நூறு கிலோ ஆள் ஒருவர் வந்து மோதுவார். தொடையின் பின்தசை, கணுக்கால், முழங்கால் மூன்றும் தினமும் பரீட்சை எழுதுகிற தொழில். நம் பக்கத்தில் அதற்கு நேர் ஆள் வேகப்பந்து வீச்சாளர். என்ன, அவருடைய பலவீனம் கொஞ்சம் மேலே, அடிமுதுகில் இருக்கும்.

கூப்பர் கப் என்ற ரிசீவரை எடுத்துக்கொள்வோம். 2021இல் 145 முறை பந்தைப் பிடித்து 1,947 யார் ஓடி, லீக்கிலேயே முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு ஆள் பிரிக்கையில் முதல் சில பெயர்களில் அவர் பெயர் போனது. ஒன்பது ஆட்டங்களோடு கணுக்கால் போயிற்று. ஆனால் அந்த ஒன்பது ஆட்டங்களில் மட்டும், வழக்கமான கணக்கில், ஆட்டத்துக்கு 21 புள்ளிக்கு மேல் சேர்த்துக் கொடுத்திருந்தார். அவரை எடுத்தவன் கெட்டானா, பிழைத்தானா? பதில் கப்பிடம் இல்லை. எஞ்சிய வாரங்களில் அவருடைய இடத்தில் யாரை வைத்து ஒப்பேற்றினான் என்பதில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். காயம் வருமா வராதா என்று ஆளின் உடம்பைப் பார்த்து ஆரூடம் சொல்வதில்தான் நம் நேரம் அத்தனையும் போகிறது. பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: அவருக்கு நாம் கொடுக்கும் விலை, அவர் படுத்துவிட்டால் அந்த இடத்தில் இறக்க நம்மிடம் இருக்கும் ஆள். இவை இரண்டும் சரியாக இருந்தால் நொண்டிக் குதிரையையும் எடுக்கலாம். சரியில்லை என்றால் கல்போன்ற உடம்புக்காரனும் நட்டம்தான்.

இதைத் தெளிவாகப் பார்த்தது பல்லேகமவில்.

மாத்தளை மாவட்டத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், களுகங்கைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது பல்லேகம. நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரத்தைக் காலி செய்து புது நகரம் கட்டிய பிறகு, வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருக்கும் ஆட்கள் இங்கே கொஞ்சம் அதிகம். ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், நீர்ப்பாசன உத்தியோகத்தர்கள், வாரக் கடைசியில் ஊருக்குப் போக பஸ் கிடைக்காதவர்கள். ஐ.பி.எல். தொடங்கும் வாரத்தில் எட்டுப் பேர் கூடி ஆள் பிரிப்போம். கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்றின் பின்னறைதான் மண்டபம். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு நீலப் பேனா, நடுவில் ஒரு தட்டு மலிபன் பிஸ்கட். பாம்பு முறையில் பெயர் கேட்போம்: முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டு வரை, அடுத்த சுற்று எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். பணம் கட்டுவதில்லை; கடைசியாக வருபவர் எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கித் தர வேண்டும். பாதிப் பேச்சு சிங்களத்தில் நடக்கும், பாதி தமிழில். சண்டை மட்டும் இரண்டிலும் நடக்கும்.

2024 மார்ச்சில் எங்களுக்கு நல்ல சோதனை வந்தது. சீசன் தொடங்குவதற்குள் மூன்று இலங்கையர்கள் ஒரே சமயத்தில் கேள்விக்குறியோடு நின்றார்கள். டில்ஷான் மதுஷங்க, அதற்கு முந்திய உலகக் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் 21 விக்கெட் எடுத்தவர், மும்பை 4.6 கோடி கொடுத்தது. பங்களாதேசத்தில் தொடைத்தசை கிழிந்து சீசனே இல்லை என்றாகிவிட்டது. வனிந்து ஹசரங்க, 2022இல் பெங்களூருக்காக 26 விக்கெட் எடுத்தவர், இப்போது ஹைதராபாத்தில் வெறும் 1.5 கோடிக்கு, குதிகாலில் வலி, வருவாரா தெரியவில்லை. மூன்றாவது ஆள் மதீஷ பத்திரண. கண்டிப் பையன், திரித்துவக் கல்லூரி, சென்னையின் செல்லப்பிள்ளை. அவருக்கும் பங்களாதேசத் தொடரில்தான் தொடை பிடித்திருந்தது, முதல் ஆட்டத்துக்கு இல்லை என்று செய்தி.

மதுஷங்கவை யாரும் தொடவில்லை. அது இலகு, இல்லை என்று தெரிந்த ஆளைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. ஹசரங்கவை ஒருவர் நான்காம் சுற்றிலேயே எடுத்தார், பாசம்தான். பத்திரணவின் பெயர் ஐந்து சுற்றுத் தாண்டியும் கேட்பாரில்லாமல் கிடந்தது. ஆறாம் சுற்றில் கமநலச் சேவை நிலையத்து மாத்தயா அந்தப் பெயரைச் சொன்னார். மாத்தளையிலிருந்து வந்திருக்கும் இளம் கணித ஆசிரியர் சிரித்துவிட்டார்.

“சேர், தொடை பிடிச்ச ஆள எடுத்து என்னா செய்யப் போறீங்க? பாதி மெச்சும் ஆட மாட்டான்.”

“பாதி போதும் தம்பி. மத்தப் பாதிக்கு என்கிட்ட ஆள் இருக்கு.”

நடந்தது இதுதான். பத்திரண ஆறே ஆட்டங்கள் ஆடினார், 13 விக்கெட். மே தொடக்கத்தில் மறுபடி தொடை பிடித்து நாட்டுக்குத் திரும்பினார். கணித ஆசிரியர் சொன்னது சரியாகிவிட்டது. ஆனாலும் மாத்தயா எடுத்ததும் சரிதான். கணக்கு இப்படி. சென்னை லீக் சுற்றில் 14 ஆட்டங்கள் ஆடியது. பத்திரண இல்லாத எட்டு ஆட்டங்களில், மாற்று வரிசையில் உட்கார்ந்திருக்கும் சாதாரணப் பந்துவீச்சாளர் ஒருவரை இறக்கினால், ஆட்டத்துக்கு முக்கால் விக்கெட் என்று வைத்தாலும் ஆறு விக்கெட் வரும். 13உம் ஆறும் 19. அதே சீசனில் சேலத்து நடராஜன் 14 ஆட்டங்களில், முழு உடம்போடு, எடுத்ததும் 19 விக்கெட்டுகள்தான். நடராஜனை எங்களிடம் ஒருவர் மூன்றாம் சுற்றில் எடுத்திருந்தார். ஆறாம் சுற்று ஆளும் மாற்று வரிசை ஆளும் சேர்ந்து மூன்றாம் சுற்று ஆளுக்குச் சமமாக நின்றார்கள்.

ஆகவே ஒப்பிட வேண்டியது அ என்ற வீரரை ஆ என்ற வீரரோடு அல்ல. அ-வும் அவருக்கு மாற்றாக வருபவரும் சேர்ந்த ஜோடியை ஆ-வோடு ஒப்பிட வேண்டும். ஆட்டத்துக்கு எவ்வளவு தருகிறார் என்ற உச்சம் பெரிதாக இருந்தால், ஆடாத நாட்கள் பலர் பயப்படுகிற அளவுக்குக் கொல்வதில்லை.

ஆனால் இங்கே ஒரு பெரிய ‘ஆனால்’ உண்டு. எங்கள் விதியில் மாற்று வரிசைக்கு மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம். மாற்று ஆளே கிடையாது, எடுத்த பதினொருவரோடு சீசன் முடியும்வரை ஓட்ட வேண்டும் என்று விதி இருந்தால் மாத்தயாவின் கணக்கில் 13தான் நின்றிருக்கும், கொத்து ரொட்டிச் செலவு அவர் தலையில் விழுந்திருக்கும். மாறாக, அன்றன்றைய ஆட்டத்துக்கு அன்றன்றே அணி கட்டும் வகை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் ட்ரீம்11 பிரபலமாக்கியது அதுதான், 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு பணம் கட்டி ஆடும் பகுதி அங்கே நின்றுபோய்விட்டது. அதில் காயம் என்ற கேள்வியே கிட்டத்தட்ட எழாது. நாணயம் சுண்டி, பதினொருவர் பெயர் வெளிவந்த பிறகு அணியை இறுதி செய்யலாம். ஓவர் நடுவில் ஒருவர் நொண்டிக்கொண்டு வெளியேறுவதுதான் மிச்சமிருக்கும் ஆபத்து. அதாவது, ஒரே பத்திரண ஒரு விதியில் அரிய சரக்கு, இன்னொரு விதியில் வீண் சுமை. ஆளைப் பற்றி வாதம் செய்யும் முன் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பவர் எங்கள் கூட்டத்தில் ஒருவர்தான் இருக்கிறார், அவர் வங்கிக்காரர்.

உண்மையான கழகங்களுக்கும் மாற்று வரிசை உண்டு. சஹர் இல்லாத 2022இல் சென்னை இறக்கிய முகேஷ் சௌத்ரிக்கு விலை 20 இலட்சம். 13 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். அதே சீசனில் அடம் மில்ன் காயப்பட்டு விலக, அவருடைய இடத்துக்கு வந்த பையன்தான் பத்திரண. சீசன் தொடங்கும் முன்னோ தொடக்க வாரங்களிலோ ஒரு வீரர் விலகிவிட்டால், அவருடைய விலைக்கு மேற்போகாத இன்னொருவரைக் கழகம் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஐ.பி.எல். விதி. எனவே முழுதாக உடைந்த ஆளைவிட, வருவேன் வருவேன் என்று சொல்லிக்கொண்டு ஆறு வாரம் இழுத்தடிக்கும் ஆள்தான் அவர்களுக்கு அதிகத் தலைவலி. நமக்கும் அதே கதைதான். ஹசரங்கவை எடுத்த நண்பர், அவர் வரப்போவதில்லை என்ற செய்தி உறுதியாகும்வரை அந்த இடத்தைப் பூட்டியே வைத்திருந்தார்.

இனி விலைக்கு வருவோம். ஒரே உடம்பு, இரண்டு விலை என்பதற்கு மயங்க் யாதவ்தான் பாடப்புத்தக உதாரணம். லக்னோ அவரை 20 இலட்சத்துக்கு எடுத்து வைத்திருந்தது. 2024 மார்ச் 30இல் பஞ்சாபுக்கு எதிராக முதல் ஆட்டம்: மணிக்கு 155.8 கிலோமீற்றர், மூன்று விக்கெட். அடுத்த ஆட்டம் பெங்களூரில்: 156.7, மறுபடி மூன்று. மூன்றாவது ஆட்டத்தில் ஒரு ஓவரோடு விலாப்பக்கத் தசை பிடித்தது. ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்து அந்த ஆட்டத்திலேயே மறுபடி விழுந்தார். நான்கு ஆட்டம், ஏழு விக்கெட். 20 இலட்சத்துக்கு அது கொள்ளை இலாபம். நான்கு ஆட்டங்களில் இரண்டில் ஆட்டநாயகன். அந்த உச்சத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்கு லக்னோ அவரை 11 கோடிக்குத் தக்கவைத்தது. 2025இல் அவர் ஆடியது இரண்டு ஆட்டங்கள். பையனின் உடம்பு 2024இல் இருந்தது போலத்தான் 2025இலும் இருந்தது. மாறியது விலை மட்டும். 20 இலட்சத்தில் காய ஆபத்துக்குக் கழிவு கிடைத்திருந்தது. 11 கோடியில் அவருடைய உச்சம் முழுவதற்கும் காசு கட்டியாகிவிட்டது, கழிவு ஒரு சதமும் இல்லை.

நடராஜனின் விலைப் பட்டியலும் இதே பாடம்தான், கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறது. 2017இல் பஞ்சாப் 3 கோடி. பிறகு ஹைதராபாத் 40 இலட்சம். 2021இல் முழங்கால் அறுவைச் சிகிச்சை. 2022இல் ஹைதராபாத் மறுபடி 4 கோடி, அந்த ஆண்டு 11 ஆட்டங்களில் 18 விக்கெட். நான்கு கோடிக்கு எடுத்தபோது அவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர் என்பதால் பயம் விலையில் இருந்தது. 2025இல் டெல்லி 10.75 கோடி கொடுத்தபோது பயம் போய்விட்டிருந்தது. அந்த சீசனில் அவர் களத்தில் தெரிந்தது இரண்டே ஆட்டங்கள். சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த மனிதருக்குக் கிடைத்த பணத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் கிடைக்கட்டும். கொடுத்தவர் பக்கக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

மலிவு என்பதாலேயே இலாபம் என்று எண்ணிவிடவும் கூடாது. அமெரிக்காவில் மைக்கல் தோமஸ் 2019இல் 149 முறை பந்தைப் பிடித்து ஒரு சீசன் சாதனையை ஏற்படுத்தினார். 2020இல் முதல் ஆட்டத்திலேயே கணுக்கால். அந்த ஆண்டு ஏழு ஆட்டம், 2021இல் ஒன்றும் இல்லை, 2022இல் மூன்று, 2023இல் பத்து. ஒவ்வொரு ஆண்டும் விலை இறங்கியது, ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் ‘இந்த விலைக்கா!’ என்று எடுத்தார். விலை இறங்கிய வேகத்தைவிட ஆள் இறங்கிய வேகம் அதிகம் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. ஜோஃப்ரா ஆர்ச்சரிலும் மும்பைக்கு நடந்தது இதற்குப் பக்கத்தில் வரும். 2022இல் ஆட மாட்டார் என்று தெரிந்தே 8 கோடி கொடுத்தார்கள். 2023இல் ஐந்து ஆட்டம், இரண்டு விக்கெட், முழங்கையோடு வீடு திரும்பினார். 2020இல் ராஜஸ்தானுக்காக 20 விக்கெட் எடுத்து தொடர் நாயகனான ஆர்ச்சரை நினைத்துக்கொண்டு வாங்கினார்கள், கிடைத்தது வேறொருவர்.

அப்படியென்றால் உடம்பைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்கலாம், ஆனால் ‘இவன் காயப்படுகிற ஜாதி’ என்று ஒரே முத்திரையாகக் குத்தாமல், என்ன காயம் என்று பார்க்க வேண்டும். எல்லாக் காயமும் ஒன்றல்ல.

தசைக் காயம், குறிப்பாகத் தொடையின் பின்தசை, திரும்பி வரும். ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களை 2001 முதல் இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த சுவீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் குழுவின் ஆய்வு, மொத்தக் காயங்களில் பின்தசைக் காயங்களின் பங்கு 12 வீதத்திலிருந்து 24 வீதமாக ஏறியதைக் காட்டியது. எனக்கு அதைவிட உதவியாக இருப்பது இன்னொரு எண். பின்தசைக் காயங்களில் 18 வீதம் பழைய காயம் திரும்பியது. அப்படித் திரும்பியவற்றில் கிட்டத்தட்ட எழுபது வீதம், வீரர் களத்துக்கு வந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நடந்தது. கெவின் டி புரூய்ன 2023 ஜூன் 10ஆம் திகதி சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பின்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 11இல் பர்ன்லிக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் இறங்கினார், அரைமணி நேரம் ஆகும் முன்னே அதே தசை. ஜனவரியில்தான் திரும்பினார். இங்கிலாந்துக் கால்பந்தை வைத்து ஆடும் கற்பனை அணி விளையாட்டான ஃபெண்டசி பிரீமியர் லீக் ஆடும் பிள்ளைகள் மாத்தளைப் பாடசாலைகளில் நிறைய. அந்த ஆகஸ்டில் அவரை வாங்கியவர்களும் ஜனவரியில் வாங்கியவர்களும் ஒரே வீரரைத்தான் வாங்கினார்கள், பலன் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்த விளையாட்டில் வீரர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் போட்டு 75 வீதம் என்று காட்டுவார்கள். ஆடுவாரா என்பதற்கு அது ஒரு குறிப்பு. எத்தனை நிமிடம் ஆடுவார், ஆடி முடித்து நிற்பாரா என்பதை அது சொல்வதில்லை.

முதுகெலும்பில் வரும் அழுத்த முறிவு இன்னொரு வகை. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எலும்பு முற்றி உறுதியாகும் முன்பே பாரம் ஏறுவதால் வருவது. இது நீண்டகாலம் எடுக்கும், முழு சீசனையும் விழுங்கும். ஆனால் ஆறினால் பழைய உயரத்துக்கு ஆள் வர முடியும். பும்ரா முதுகால் 2023 ஐ.பி.எல். முழுவதையும் இழந்து, நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 2024இல் 13 ஆட்டங்களில் 20 விக்கெட்டோடு திரும்பினார். அடுத்து இருபது20 உலகக் கிண்ணத்தில் தொடர் நாயகன். 2025 ஜனவரியில் சிட்னியில் மறுபடி முதுகு. மும்பையின் முதல் நான்கு ஆட்டங்களுக்கு அவர் இல்லை, பிறகு 12 ஆட்டங்களில் 18 விக்கெட். எங்கள் பின்னறையில் அந்த ஆண்டு அவர் பெயர் மூன்றாம் சுற்றுவரை கிடந்தது. தெரிந்த இல்லாமைக்குத் தேவைக்கு மேல் பயந்தோம். முதல் நான்கு ஆட்டங்கள் இல்லை என்பது கணக்கில் எழுதக்கூடிய செலவு. எழுதிக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலமும் முக்கியம். அமெரிக்கக் கற்பனை லீக்குகளில் வெற்றி தோல்வி பெரும்பாலும் 15 முதல் 17 வரையான வாரங்களில் தீர்மானமாகும். செப்டெம்பரில் இல்லாத ரிசீவர் டிசம்பரில் ஓடினால் மன்னித்துவிடலாம். மறுதலையாக, முதலில் ஓடி முடிவில் படுப்பவர் புள்ளிப் பட்டியலில் அழகாகத் தெரிவார், அவ்வளவுதான்.

மூன்றாவது வகையைக் காயம் என்று சொல்வதே அநியாயம்; அது விபத்து. ரிசீவர் கீனன் அலனுக்கு 2015இல் சிறுநீரகம் கிழிந்தது, 2016இல் முதல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘கண்ணாடி உடம்பு’ என்று பெயர் வந்தது. 2017இல் 16 ஆட்டமும் ஆடி 102 முறை பிடித்து, 1,393 யார் ஓடினார். நம் வருண் சக்கரவர்த்தியின் கதையும் அப்படித்தான். 2018 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் 8.4 கோடி, முதல் ஓவரில் 25 ஓட்டம், பிறகு விரலில் காயம், அந்த சீசனில் ஒரே ஆட்டம். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அவரை 4 கோடிக்கு, பாதிக்கும் குறைந்த விலைக்கு, எடுத்தது. விரல் காயம் சுழலை அழிப்பதில்லை. 2020இல் 17 விக்கெட், 2024இல் கொல்கத்தா கிண்ணம் வென்றபோது 21. கீனன் அலனிலும் வருணிலும் சந்தை செய்த பிழை ஒன்றே: சம்பந்தமில்லாத இரண்டு துரதிர்ஷ்டங்களைக் கோத்துக் குணம் என்று வாசித்தது. இன்னொரு ரிசீவரான ஜூலியோ ஜோன்ஸ் மட்டும் கொஞ்சம் மாறுபட்டவர். அவருக்கு 2013இல் முறிந்தது முன்பே முறிந்த பாதம், பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனாலும் 2015இல் 1,871 யார் ஓடினார். நியாயமான பயமும் தவறிப்போகும். அதனால்தான் விலையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறேன்.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் எழுப்பும் ஆட்சேபம் நியாயமானது. எட்டுப் பேரில் ஒருவர்தான் ஜெயிக்கிறார். இரண்டாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் பரிசில் வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க நிதானமாக ஆடுவதில் என்ன பயன்? உச்சம் உள்ள ஆட்களாகப் பார்த்து, உடைந்தால் உடையட்டும் என்று எல்லாச் சுற்றிலும் எடுத்துவிட வேண்டியதுதானே? பாதி சரி. ஆறாம் சுற்றுக்குக் கீழே அப்படித்தான் எடுக்க வேண்டும். அங்கே பத்திரமான ஆளை எடுத்தால் பத்திரமான நான்காம் இடம்தான் கிடைக்கும். முதல் இரண்டு சுற்றில் அந்தத் துணிச்சல் பலிக்காது. அங்கே கிடைக்கும் ஆட்கள் எல்லோருக்கும் உச்சம் ஏற்கெனவே உண்டு, உடைகிறவருக்கும் உடையாதவருக்கும் உச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆபத்துக்குக் கூலி கிடைக்காத இடம் அது. இன்னொன்று: நொடிந்த உடம்புக்காரர் மூன்று பேரை ஒரே அணியில் வைத்தால் மூன்று மாற்று ஆளும் ஒரே வாரத்தில் தேவைப்படும். பத்திரணவை எடுத்த மாத்தயாவுக்கு அந்த ஆண்டு மற்ற வீச்சாளர்கள் எல்லோரும் மாடு மாதிரி உழைப்பவர்கள். அவர் அதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டேன். சிரித்தார், பதில் வரவில்லை.

கற்பனை அணிக்காரனுக்கும் உண்மையான முதலாளிக்கும் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. நாம் காயத்தைக் கணிக்க மட்டுமே முடியும். அவர்கள் அதைக் குறைக்கவும் கூட்டவும் முடியும். 2023இல் தோனி பத்திரணவைப் பற்றிப் பேசும்போது, இந்தப் பையனை சிவப்புப் பந்துக் கிரிக்கெட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ஒருநாள் ஆட்டம்கூடப் பெரிய தொடர்களுக்கு மட்டும் போதும் என்ற கருத்தைச் சொன்னார். சொன்னது சென்னையின் நலனுக்காகவா பத்திரணவின் நலனுக்காகவா என்று இலங்கையில் கொஞ்சம் சலசலப்பு எழுந்தது. இரண்டுக்கும்தான் என்பது என் எண்ணம். மதுஷங்கவும் பத்திரணவும் 2024 மார்ச்சில் காயப்பட்டது தேசிய அணிச் சட்டையில். இலங்கை வீரரை ஆள் பிரிப்பில் எடுப்பவர் அந்த வீரருடைய ஐ.பி.எல். அட்டவணையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்திய ஆறு வாரத்தில் தேசிய அணி எங்கே, எத்தனை ஆட்டம் ஆடுகிறது என்பதையும் கொப்பியில் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் இது இப்போது வழக்கமாகிவிட்டது.

2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஏலத்தில் கொல்கத்தா பத்திரணவை 18 கோடிக்கு எடுத்தது. சென்னை 13 கோடிக்குத் தக்கவைத்திருந்த 2025 சீசனில் அவர் 12 ஆட்டங்கள் ஆடினார்; உடம்பு நின்றது, ஆனால் 13 விக்கெட்தான், ஓவருக்குப் பத்துக்கு மேல் ஓட்டம் போனது. முன்பு ஆறு ஆட்டத்தில் எடுத்ததை இப்போது பன்னிரண்டில் எடுத்திருக்கிறார். 18 கோடி என்பது 2024இன் உச்சத்துக்கும் 2025இன் உடம்புக்கும் சேர்த்துக் கொடுத்த விலை. அவை இரண்டும் ஒரே சீசனில் சேர்ந்து வந்ததை 2023இல் ஒருமுறைதான் பார்த்திருக்கிறோம், 12 ஆட்டம், 19 விக்கெட். கொல்கத்தாவிடம் காசு இருக்கிறது, வருண் இருக்கிறார், அவர்கள் தாங்குவார்கள். எங்கள் பின்னறையில் இந்த ஏலச் செய்திக்குப் பிறகு பத்திரணவின் பெயர் ஆறாம் சுற்றுவரை கிடக்கப் போவதில்லை. மூன்றாம் சுற்றிலேயே யாராவது பாய்வார்கள். நான் நான்காம் சுற்றுக்கு முன் கை வைக்க மாட்டேன். ஐந்தில் கிடந்தால், மார்ச் மாதத்துத் தேசிய அணி அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு எடுப்பேன், எடுத்த கையோடு மாற்று வரிசைக்கு ஒரு நல்ல ஆளையும் எடுப்பேன். கணித ஆசிரியர் இந்தமுறை இரண்டாம் சுற்றிலேயே கேட்கப் போவதாகச் சொல்லித் திரிகிறார். கேட்கட்டும்.